கிளியம்மாள் விட்ட ஒரு விரல் இடைவெளி

1

இந்தக் கதை ஒரு பொய்யான வாக்கியத்திலிருந்து வந்தது. வாக்கியம் என்னுடையது. 2005 பிப்ரவரியில், ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நவீன சிற்பக் கண்காட்சி நடந்தது. ஞாயிறு இணைப்பிதழ் ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதினேன். அதில் இப்படி வரும்: "இறுக்கிக் கட்டப்பட்ட இந்த உடலில், முனைகளுக்கு அருகே மட்டும் கலைஞர் ஒரு விரலளவு தளர்ச்சி விட்டிருக்கிறார். அந்தத் தளர்ச்சியில் இருக்கிறது அவருடைய கருணை."

மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். பத்து நாள் கழித்து, பத்திரிகை முகவரிக்கு ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. அனுப்பியவர் பெயர் பாண்டிச்செல்வி. எழுதியிருந்தது நான்கே வரி. "அந்த லூஸ் விட்டது ஆர்ட்டிஸ்ட் சார் கிடையாது. கிளியம்மாள் அக்கா. கருணைக்கு விடவில்லை. விடாவிட்டால் ஒயர் அறுந்துவிடும். நேரில் வந்தால் சொல்கிறேன்."

வந்த அன்றே படித்துவிட்டேன். பதினொரு மாதம் கழித்துத்தான் போனேன். இடையில் உடம்பு சரியில்லை என்று எழுதலாம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"வயல்கள் இருந்த இடத்தில் இன்று வானளாவிய" (வேண்டாம். ஒரகடம் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதலில் வயலைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பாண்டிச்செல்வி அந்த வயலைப் பார்த்ததே இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து அவள் வந்து இறங்கியபோதே தொழிற்சாலை மதில் எழும்பியிருந்தது.)

"சிற்பத்தை அவள் விரல்கள் வருடியபோது, விழியோரத்தில்" (இது என் மதிப்புரையின் அதே வாடை. விழியோரத்தில் ஒன்றும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.)

"கலை என்பது யாருடைய கை என்ற கேள்வியை நாம்" (இந்த 'நாம்' யார் என்று தெரியாததால் இதையும் விட்டுவிடுகிறேன்.)

நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பாண்டிச்செல்வி என்னிடம் சொன்னதை வைத்து, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன். நான் வருகிற இடங்களில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் வராது.

3

அந்தத் தொழிற்சாலையில் காருக்கு வேண்டிய ஒயர்க்கட்டு செய்கிறார்கள். ஹார்னஸ் என்பார்கள். விளக்குக்கு, ஹாரனுக்கு, கதவுக்கு என்று போகிற ஒயர்களையெல்லாம் ஒரு சாய்ந்த பலகையில் வழிபார்த்துப் போட்டு, கறுப்பு டேப் சுற்றிக் கட்ட வேண்டும். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும்; அந்த வரிசைக்கு லைன் என்று பேர். கட்டுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் டெர்மினல் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதை வேறொரு பகுதியில் எந்திரம் அழுத்திப் பொருத்தியிருக்கும். கட்டுகிறவள் கைக்கு ஒயர் வரும்போதே அந்தத் துண்டோடுதான் வரும்.

(கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். மற்றதை மறந்துவிடலாம்.)

கம்பெனியின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்காகச் சென்னையிலிருந்து வனமாமலை என்ற சிற்பியை வரவழைத்திருந்தார்கள். இரண்டு மாதம் தலையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு லைனில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஸ்கிராப் குவியலிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் அனுமதித்திருந்தது. வேன் நிறைய அள்ளிக்கொண்டு போனார். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கேன்டீன் கூடத்தின் பாதியைத் திரை போட்டு மறைத்து, பதினோரு படைப்புகளை வைத்தார். மூன்று நாள் கண்காட்சி. முதல் ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டும்.

பாண்டிச்செல்விக்கு அப்போது வயது இருபத்துமூன்று. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஏப்ரலில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஜாஸ்மின் நின்றாள். ஜாஸ்மின் பக்கத்து ஊரான வல்லம் வடகால்காரி, டெர்மினல் அழுத்தும் எந்திரப் பகுதியில் வேலை. இரண்டு பேரும் தினமும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருகிறவர்கள்.

முதல் படைப்பு ஒரு டிவி. லைன் நகர்வதை மேலேயிருந்து படம் பிடித்து, சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார்கள்.

"இத்தத்தான் எட்டு மண்ணேரம் பாத்துட்டு வந்தோம். மறுபடியும் இன்னாத்துக்கு?" என்றாள் ஜாஸ்மின்.

"சத்தம் இல்லாம பாத்தா நல்லாத்தான் இருக்கு. நாம எல்லாரும் ஒண்ணுபோல குனிஞ்சு நிமிருதோம் பாரு" என்றாள் பாண்டிச்செல்வி.

(அந்த டிவிக்கு என் மதிப்புரையில் முக்கால் பத்தி ஒதுக்கியிருந்தேன். இந்த இரண்டு பேர் சொன்னதைத் தாண்டி அதில் எதுவும் இல்லை.)

பழைய கையுறைகளைத் தோரணமாகக் கட்டியிருந்ததைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். மீட்டர் முகப்புகளால் செய்த மயில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கடைசியாக, கூடத்தின் நடுவில், எட்டடி உயரத்துக்கு ஒரு பெண் உருவம். இரும்புச் சட்டத்தின் மேல் முப்பது நாற்பது ஹார்னஸ்களை ஒன்றோடொன்று பின்னிச் செய்தது. நிமிர்ந்து, இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நின்றது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்திலும் கால் நுனியிலும் டெர்மினல்களை உள்ளடக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர்கள் மொட்டு மாதிரி தொங்கின. கீழே ஒரு அட்டை: "நின்றவள். ஒயர், நாடா, இரும்பு. வனமாமலை." பக்கத்தில் இன்னொரு அட்டை: "தொடாதீர்கள்."

பாண்டிச்செல்வி முதலில் தூரத்திலிருந்தே பார்த்தாள். பிறகு கிட்டப் போனாள். அப்புறம் கையை நீட்டி, முழங்காலுக்குக் கீழே டேப்பின் மேல் விரலை வைத்து, சுற்று சுற்றாகக் கீழே இறக்கினாள்.

"இன்னாடி பண்ற? கைய எடு. தொடாதன்னு போட்டுக்கீது."

"இரு. ஒரு நிமிசம்."

"பஸ்ஸு பூடும். வா."

"ஜாஸ்மினு, இது கிளி அக்கா கட்டுனது."

ஜாஸ்மின் திரும்பிப் பார்க்காமல் வரிசையில் முன்னால் நகர்ந்துவிட்டாள்.

4

கிளியம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவளும் வல்லம் வடகால்தான். ஜாஸ்மின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. முப்பத்தொரு வயது, ஐந்தாவது படிக்கும் ஒரு பெண், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கணவன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வேலை பார்த்தவள். அந்த லைனில் அவள் ஒருத்திதான் இடக்கைக்காரி. மற்றவர்கள் டேப் சுற்றினால் ஒரு திசையில் போகும். அவள் சுற்றினால் எதிர்த்திசையில் போகும். புதிதாக வருகிற பெண்கள் அவளுக்கு எதிரே நின்று பழகினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே கையில் வந்துவிடும். பாண்டிச்செல்வி அப்படித்தான் பழகினாள்.

முந்தின டிசம்பரில், இரண்டு வாரத்துக்குள் கிளியம்மாள் கட்டிய முப்பத்தேழு ஹார்னஸ்கள் சோதனையில் தவறின. கரன்ட் ஓடவில்லை. நுனியில் ஒயர் டெர்மினலை விட்டு நழுவியிருந்தது. அவள் டேப்பை இழுத்துக் கட்டுகிறாள், அதனால்தான் நழுவுகிறது என்று சூப்பர்வைசர் எழுதினார். கனெக்டருக்கு முன்னால் ஒரு விரல் அளவு ஒயரை லூஸாக விட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது விதி. தான் எப்போதும் விடுவதாகக் கிளியம்மாள் சொன்னாள். மெமோ கொடுத்தார்கள். இரண்டாவது மெமோ கொடுத்தார்கள். மூன்றாவதாக, வர வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு பக்கத்துக் கம்பெனிகளிலும் அவளை எடுக்கவில்லை. "ரிஜெக்ட் பண்ற கை" என்று ஒரு காண்ட்ராக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம்.

தவறின ஹார்னஸ்கள் ஸ்கிராப் குவியலுக்குப் போயின. அங்கிருந்து வனமாமலையின் வேனுக்குப் போயின.

அவர் அவற்றை வளைத்தார், பின்னினார், சட்டத்தில் கட்டினார். ஆனால் கனெக்டர்கள் மொட்டுபோல அழகாக இருந்ததால் முனைகளை மட்டும் தொடவே இல்லை. முனைகள் கிளியம்மாள் கட்டினபடியே இருந்தன. ஒவ்வொரு கனெக்டருக்கு முன்னாலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

பாண்டிச்செல்வி இடது காலில் பதினாறு முனைகளை எண்ணினாள். பதினாறிலும் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நுழைந்தது. மூன்றாவதில் மட்டும் ஒயர் உறைக்குள் ஆடியது.

நான் அப்போது எட்டடி தள்ளி நின்றிருந்தேன். என் குறிப்பேட்டில் அன்றைய பக்கம் இன்னும் இருக்கிறது. "தொழிலாளிப் பெண். தொடுகிறாள். கண் கலங்குகிறாளோ? உருக்கம்."

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

5

வாசலில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு ஒன்று மேசைமேல் இருந்தது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி எழுதினது:

"மயில் நன்றாக இருக்கிறது. டிவியும் பரவாயில்லை. நின்றவள் எல்லாவற்றிலும் நல்ல வேலை. ஆனால் அட்டையில் ஒரு பேர் விட்டுப்போயிற்று. இதைக் கட்டினது கிளியம்மாள், லைன் 2. எல்லா முனையிலும் ஒரு விரல் லூஸ் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். இழுத்துக் கட்டவில்லை. தப்பு டெர்மினலில் இருக்கலாம். இடது காலில் மூன்றாவது கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். பாண்டிச்செல்வி, லைன் 2."

நான் இருபது வருஷமாகக் கலை விமர்சனம் எழுதுகிறேன். ஒரு படைப்பை இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்து, இவ்வளவு குறைந்த சொற்களில் எழுதப்பட்ட வேறொன்றை

(இந்த வாக்கியத்தை முடித்தால் அவளைப் புகழ்ந்து நான் தப்பித்துக்கொள்வதாக ஆகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.)

6

மறுநாள் காலை பத்து மணிக்கு பாண்டிச்செல்வியை மனிதவள அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் இராமச்சந்திரன்.

இந்தப் பாத்திரம் எனக்கு அமையவே இல்லை. முதல் பிரதியில் அவரை மேசையைத் தட்டிக் கத்துகிறவராக எழுதினேன். பாண்டிச்செல்வி கேட்டுவிட்டு, "அவரு அப்படி இல்ல சார். தண்ணி குடுத்தாரு" என்றாள். இரண்டாம் பிரதியில் மனசாட்சி உறுத்துகிற நல்லவராக்கினேன். "அதுவும் இல்ல சார்" என்றாள். அதனால் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"உக்காரும்மா. நேத்து நோட்டுல எழுதினது நீதானே?"

"ஆமா சார். பேரு போட்டிருக்கேன்."

"கண்காட்சிக்கு வெளியாளுங்க வர்றாங்க. கஸ்டமர் வர்றாங்க. அவங்க படிச்சா என்ன நினைப்பாங்க?"

"கருத்து எழுதச் சொல்லி இருந்துச்சு. எழுதினேன்."

"கருத்துன்னா, நல்லாருக்கு, நல்லா இல்ல. அவ்வளவுதான். இது கம்ப்ளெய்ன்ட்."

"நல்லா இருக்குன்னும் எழுதியிருக்கேன் சார்."

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஏப்ரல்ல உனக்குக் கன்ஃபர்மேஷன் வருது, தெரியும்ல?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒரு தேதியை நினைவுபடுத்துவது மாதிரிதான் சொன்னார். "கிளியம்மாள் ஃபைல் மூடியாச்சு. மூடின ஃபைலைத் திறக்க எங்கிட்டயும் சாவி கிடையாது. நீ போய் வேலையப் பாரு."

அந்தப் பக்கத்தை அவர் கிழித்தார் என்று எழுதினால் கதைக்கு வசதி. கிழிக்கவில்லை. அன்று மத்தியானம் பாண்டிச்செல்வி போய்ப் பார்த்தபோது, பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. அதன் முதல் வரி இராமச்சந்திரனின் கையெழுத்தில் இருந்தது: "மிக அருமை."

அவளுக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். "இல்லாம? அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்கல" என்றாள். ஊரில் அப்பாவுக்குப் பார்வை மங்கியபின் தீப்பெட்டி ஆலை வேலை நின்றுபோயிருந்தது. இவள் வேலைதான் வீட்டுக்கு ஆதாரம். அப்புறம் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டாள் என்று கேட்டேன். "பாத்துட்டேன்ல சார். பாக்காம இருந்திருந்தா வேற."

7

சனிக்கிழமை கடைசி நாள். மூன்றே காலுக்குக் கூடத்தில் பெருங்கூட்டம். வனமாமலை ஒரு மூலையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி நேராக அவரிடம் போனாள்.

"சார், நோட்டுல நான் ஒண்ணு எழுதியிருந்தேன்."

"படிச்சேன். நீதானா அது?" என்றார். அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோயில். உங்க பேரைப் பாத்தா நாங்குநேரிப் பக்கம்னு தோணுது."

"அப்பா அந்தப் பக்கம்." அவர் முகம் கொஞ்சம் இளகியது. "நீ எழுதினது சரியாவே இருக்கலாம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். அது இப்ப ஹார்னஸ் இல்ல. சிற்பம். அதைப் பிரிக்க முடியாது. அடுத்த மாசம் பரோடாவுல ஒரு கண்காட்சிக்குப் போகணும்."

"உங்களுக்குச் சிற்பம். அக்காவுக்கு மெமோ."

அவர் உருவத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கனெக்டர்தான் சார். பிரிச்சுட்டு நானே திருப்பிக் கட்டித் தாரேன்."

"அதே மாதிரி கட்டுவியா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் சுளுவாக முடிந்திருக்கும். பாண்டிச்செல்வி யோசித்துவிட்டு, "அதே மாதிரி வராது சார். அவ கை வேற. கிட்டப் போய்ப் பாத்தா தெரியும்" என்றாள்.

அந்தப் பதில்தான் தன்னை அசைத்தது என்று வனமாமலை பிற்பாடு எனக்குச் சொன்னார். முப்பது வருஷமாகத் தன் வேலையைப் பற்றித் தான் சொல்ல நினைத்த ஒன்றை அவள் வேறு யாருடைய வேலையைப் பற்றியோ சொல்லிவிட்டாள் என்றார். அவர் அழகாகப் பேசுகிறவர். நான் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் அன்று அவர் செய்தது பேச்சு இல்லை. தோள்பையிலிருந்து கட்டரை எடுத்தார். "தொடாதீர்கள்" அட்டையைக் கவிழ்த்துவைத்தார். உருவத்தின் காலடியில் மண்டியிட்டு, மூன்றாவது கனெக்டரை அறுத்து எடுத்தார்.

இராமச்சந்திரன் வாசலிலிருந்து வேகமாக வந்தார். "சார், என்ன இது, ப்ரோக்ராம்ல இல்லையே" என்றார்.

"என் படைப்புதானே சார்? நான் பிரிக்கிறேன்" என்றார் வனமாமலை.

பிளாஸ்டிக் உறையைக் கழற்றி டெர்மினலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பாண்டிச்செல்வி குனிந்து பார்த்தாள். ஒயரின் செம்பு இழைகளில் பாதி பிடிக்குள் வரவே இல்லை. அழுத்தின இடத்தில், பித்தளையின் மேல், எறும்பு கடித்தது மாதிரி ஒரு சின்ன வெட்டு இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டுகிற பகுதிக்காரிக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. நாலைந்து பேர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இராமச்சந்திரன், "சரி, பார்த்தாச்சுல்ல" என்று கையை நீட்டினார்.

அப்போது ஜாஸ்மின் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள்.

"அது மூணாம் நம்பர் மிஷினு சார்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"டெர்மினல அழுத்தற டை பல்லு ஒடஞ்சிகினு இருந்திச்சி. அதான் அந்த வெட்டு. நவம்பர் கடசிலேர்ந்து ஜனவரி வரிக்கும் அப்டிதான் ஓடிச்சி. நான்தான் ஓட்டிகினு இருந்தேன். அந்த ஒயரு கிளி அக்கா பலகைக்குத்தான் போவும். டைய மாத்தச் சொல்லி டூல் ரூமுக்குச் சீட்டு எழுதிக் குட்த்தேன். பொங்கலுக்கு அப்பறம்தான் மாத்துனாங்கோ."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?" என்றார் இராமச்சந்திரன்.

ஜாஸ்மின் அவரை விட்டுத் திரும்பி, பாண்டிச்செல்வியைப் பார்த்து, "அக்கா வூட்டுக்கு நாலு வூடு தள்ளிதான்டி கீறேன். தெனம் அந்த வழியாத்தான் வரேன்" என்றாள்.

ஜாஸ்மினை நான் சந்திக்கவில்லை. இரண்டு முறை சொல்லி அனுப்பினேன், வர மறுத்துவிட்டாள். அதனால் அந்த இரண்டரை மாதம் அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எழுத எனக்கு வழியில்லை. எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. நன்றாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

8

அடுத்த நாள் ஞாயிறு. என் மதிப்புரை வெளியானது. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பியிருந்தேன். திங்கட்கிழமை அதைக் கம்பெனி அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்கள். 'கருணை' என்ற வாக்கியத்தின் அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி டிபன் டப்பாவோடு நின்று முழுவதும் படித்தாள். அன்று சாயந்திரமே இன்லண்டு லெட்டர் வாங்கினாலும், எழுதத் துணிய ஒரு வாரம் ஆனது.

ஆனவை இவ்வளவுதான். டூல் ரூமில் ஜாஸ்மின் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. தேதியும் இருந்தது. அதனால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு பகுதிக்கு மாற்றினார்கள். மூடின ஃபைலுக்குச் சாவி இல்லை என்று சொன்ன இராமச்சந்திரன், மூன்று வாரம் அலைந்து எப்படியோ அதைத் திறந்தார். கிளியம்மாளுக்கு ஒரு கடிதம் போயிற்று. பணிநீக்கம் ரத்து, வேலைக்குத் திரும்பலாம், ஆனால் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளராக. வேண்டாமென்றால் ஐந்து வருஷ அனுபவச் சான்றிதழ், மெமோக்கள் இல்லாமல்.

கிளியம்மாள் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். இருங்காட்டுக்கோட்டையில் சீட் கவர் தைக்கும் கம்பெனி ஒன்றில் அதைக் காட்டிச் சேர்ந்தாள். ஏப்ரலில் பாண்டிச்செல்வியின் வேலை நிரந்தரமாகவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. ஜூனில் அவளும் சீட் கவர் கம்பெனிக்கு வந்துவிட்டாள். நான் அவளைச் சந்தித்தது அங்கே, வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், 2006 ஜனவரியில்.

"நஷ்டம்தானேம்மா உனக்கு?" என்று கேட்டேன்.

"இங்க உக்காந்து தைக்கலாம் சார்" என்றாள்.

9

கதையை இங்கே முடித்திருக்கலாம். முதல் பிரதியில் முடித்துவிட்டேன், உட்கார்ந்து தைக்கலாம் என்ற வரியோடு. படித்த நண்பர் கச்சிதம் என்றார். அந்தச் சொல் உறுத்தியது. இன்னொரு பிரதியில், கிளியம்மாள் சிற்பத்தின் முன் நின்று கைகூப்பி அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். மூன்றாவதில், அவள் அதைக் கீழே தள்ளி உடைக்கிறாள். இரண்டுமே என் ஆசைகள். அவள் சிற்பத்தைப் பார்த்தது உண்மை. அது மார்ச்சில் நடந்தது.

பரோடாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் வந்து பார்க்க வேண்டும் என்று வனமாமலை கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளியம்மாளும் பாண்டிச்செல்வியும் மணிமங்கலம் போனார்கள். அங்கே ஒரு பழைய அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்துப் பட்டறையாக வைத்திருந்தார். ஜாஸ்மினையும் கூப்பிட்டார்கள். வரவில்லை.

உருவம் பட்டறை நடுவில் நின்றது. இடது காலில் மூன்றாவது கனெக்டர் இருந்த இடம் திறந்தபடி கிடந்தது. உள்ளிருந்து நாலைந்து ஒயர்கள் தொங்கின. கிளியம்மாள் சுற்றி வந்து பார்த்தாள். வனமாமலை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் போயிருக்கும்.

"சரியா நிக்கல சார்" என்றாள் கிளியம்மாள்.

"சட்டம் கோணலா இருக்கா?"

"சட்டத்தச் சொல்லல. இவ நிக்கறத சொல்றேன். ரெண்டு கால்லயும் சமமா நின்னுகினு கீறா. லைன்ல நின்னவ எவளும் அப்டி நிக்க மாட்டா. ஒரு கால்ல வெயிட்ட வுட்டுட்டு, இன்னொரு கால சும்மா வெச்சிருப்பா. மத்தியானத்துக்கு மேல கால மாத்துவா. இடுப்பு ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கும். இவள பாத்தா கொடி ஏத்தற மாரி கீது."

பாண்டிச்செல்வி சிரித்துவிட்டாள். வனமாமலை சிரிக்கவில்லை. எழுந்து வந்து, உருவத்துக்கு எதிரே தானும் நின்று பார்த்தார். வலது காலில் எடையைப் போட்டார். இடுப்பைத் தளர்த்தினார். "மாத்தணும்னா முழுசாப் பிரிக்கணும்" என்றார்.

"பிரிங்க."

"பரோடா?"

"அத்த நீங்கதான் பாத்துக்கணும். கேட்டீங்க, சொன்னேன். மத்தபடி கை நல்லாகீது. தல நல்லாகீது."

(இரண்டு பாராட்டு, ஒரு குறை, அந்தக் குறை படைப்பின் முதுகெலும்பில். என்னுடைய எந்த மதிப்புரையும் ஒரு கலைஞரை எழுந்து நிற்க வைத்ததில்லை.)

அதற்குப் பிறகு வனமாமலை இடது காலைக் காட்டி, "இதையாவது சொல்லு. இந்த இடத்தைத் திரும்பக் கட்டவா, இப்படியே திறந்து விடவா? உன் வேலை இது. நீ சொல்றதுதான்" என்றார். மேசைமேல் ஒரு டேப் சுருள் இருந்தது.

கிளியம்மாள் அதைக் கையில் எடுத்தாள். நுனியை நகத்தால் கிளப்பினாள். பிறகு, "செல்வி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள். வனமாமலையும் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனார்.

பாண்டிச்செல்வி வெளியே போய், களத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்கு அப்புறம் கிளியம்மாள் வந்து, பக்கெட் தண்ணீரில் கை கழுவினாள். "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றாள்.

"நீ உள்ள போய்ப் பாக்கலயாம்மா?" என்று டீக்கடையில் கேட்டேன்.

"இல்ல சார்."

"வழியில அவங்ககிட்ட கேக்கலயா?"

"கேக்கல."

"கட்டியிருப்பாங்களா?"

பாண்டிச்செல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "நீங்க மறுபடியும் கிட்டப் போகாமயே எழுதப் பாக்குதியளா சார்?" என்றாள்.

சிற்பம் பரோடாவுக்குப் போகவில்லை. மணிமங்கலத்தில், அதே ஆலையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம் என்று வனமாமலை சொன்னார். அது இப்போது எப்படி நிற்கிறது என்று நான் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தாம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது. நான் இந்த வாரம் போவதாக இருக்கிறேன், ஆனால் பார்த்துவிட்டு வந்து இந்தப் பக்கத்தில் எதையும் சேர்க்கப்போவதில்லை. நீங்களும் போங்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் கையாலேயே இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.